சிறைகளைச் சுற்றி வந்தவர்: ஜான் ஹோவர்டு

சிறைப்பட்டோரைச் சந்திப்பது தயைக் கிரியைகளுள் ஒன்று என்று ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் பண்ணாதவர் நம்மில் ஒருவருமிரார். பசித்தவனுக்குச் சோறு போட்டிருக்கிறோம். நோயாளியின் வீட்டுக்குப் போய் ஜெபம் சொல்லியிருக்கிறோம். மரித்தவனை அடக்கம் பண்ண ஊரே கூடுகிறது. ஜெயிலுக்குப் போய் வந்தவர் எத்தனை பேர்? நடுத்தீர்வை நாளில் ஆண்டவர் இதையும் கேட்பார் என்பதில் மாத்திரம் சந்தேகமில்லை. ஆகையால் இவ்வாரம் ஒருவருடைய சரித்திரத்தைச் சொல்ல விரும்புகிறேன். அவர் அர்ச்சியசிஷ்டரல்ல. நமது சபையைச் சேர்ந்தவருமல்ல. இங்கிலாந்து தேசத்துப் பிராட்டஸ்டண்டுக்காரர், அதிலும் அரசாங்க சபைக்குப் புறம்பான பிரிவைச் சேர்ந்தவர். ஆனாலும் ஆண்டவர் சொன்ன நல்ல சமாரித்தனும் யூதர்களுடைய கோவிலைச் சேர்ந்தவனல்லவே.

ஜான் ஹோவர்டு 1726-ம் ஆண்டு லண்டன் நகரை அடுத்த ஹாக்னியில் பிறந்தார். தகப்பனார் மெத்தை, திரைச்சீலை, கம்பளம் விற்றுப் பெரும் பொருள் சேர்த்தவர். தாய் சிறு வயதிலேயே இறந்துபோனாள். மகனை மளிகை வியாபாரி ஒருவரிடம் தொழில் பழக விட்டார்கள். 1742-ல் தகப்பனார் இறந்ததும், சொத்துக்கு அதிபதியான பிள்ளை மளிகைக் கடையை விட்டுவிட்டுத் தேசசஞ்சாரம் புறப்பட்டான். உடல் மெலிந்தவர், மாமிசம் தொடாதவர், தேநீரும் ரொட்டியும் பழமுமே ஆகாரம். ஒருமுறை கடும் நோயில் கிடந்தபோது, தாம் குடியிருந்த வீட்டுக்காரியான ஒரு விதவை அவருக்குப் பணிவிடை செய்து பிழைப்பித்தாள். நன்றியின் பேரில் அவளையே விவாகம் செய்துகொண்டார். அவளுக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. ஊரார் நகைத்தார்கள். 1755-ல் அவள் இறந்தாள்.

அவ்வருஷமே போர்த்துக்கல் தேசத்து லிஸ்பன் மாநகரம் பூமியதிர்ச்சியால் பாழாயிற்று. அதைப் பார்க்க வேண்டுமென்று 1756-ல் ஹோவர்டு கப்பலேறினார். அப்போது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் பகை. பிரெஞ்சுக் கப்பலொன்று வழிமறித்துப் பிடித்து, எல்லாரையும் பிரெஸ்டு துறைமுகத்துக் கோட்டையில் நிலவறையில் அடைத்தது. அதற்கு முன்பே நாற்பது மணி நேரம் அவர் தண்ணீரும் ஆகாரமும் காணவில்லை. ஆறு இரவு வைக்கோலின்மேல் படுத்தார். கடைசியில் ஆட்டுத் தொடையொன்றை உள்ளே வீசியெறிந்தார்கள், கத்தி கிடையாது, நாய்கள் போலக் கடித்து இழுத்துத் தின்றார்கள். பிற்பாடு நன்னடத்தை வாக்குறுதியின் பேரில் வெளியே விடப்பட்டபோது, மற்ற இடங்களிலுள்ள ஆங்கிலக் கைதிகளின் கதியை விசாரித்தார். தினான் என்ற ஊரில் ஒரே நாளில் முப்பத்தாறு பேரை ஒரே குழியில் புதைத்தார்கள் என்று அறிந்தார். ஊர் திரும்பியதும் அதிகாரிகளிடம் முறையிட்டு, எஞ்சியவர்கள் விடுதலையாக வழி செய்தார். அதன்பின் பதினேழு வருஷம் இதைப்பற்றி அவர் ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை. கார்டிங்டன் கிராமத்தில் நிலபுலன்களைப் பார்த்துக்கொண்டு, மறுவிவாகம் செய்து, குடியானவர்களுக்கு நல்ல வீடுகள் கட்டிக் கொடுத்து வாழ்ந்தார். 1765-ல் இரண்டாம் மனைவியும் ஓர் ஆண்பிள்ளையைப் பெற்ற சில நாளில் இறந்தாள்.

1773-ம் வருஷம் பெட்போர்டு ஜில்லாவுக்கு ஷெரீப்பாக நியமனம் வந்தது. இது பெரும்பாலும் பெயருக்குப் பதவி. வருஷத்துக்கு ஒருவர் வருவார், நீதிபதிகள் வரும்போது அலங்கார வண்டியில் எதிர்கொண்டு போவார், விருந்து வைப்பார், போவார். ஜில்லா ஜெயிலும் ஷெரீப்பின் பொறுப்பு என்று சட்டத்தில் இருந்தது. அதை ஒருவரும் பொருட்படுத்தியதில்லை. ஹோவர்டு ஜெயிலுக்குள் போய்ப் பார்த்தார்.

அங்கே அவர் கண்டது யாதெனில், குற்றமில்லையென்று நீதிபதியே தீர்ப்புச் சொன்ன மனிதர் மறுபடியும் உள்ளே அடைபட்டுக் கிடந்தார்கள். காரணம்? ஜெயிலருக்குச் சம்பளம் கிடையாது. கைதிகள் கொடுக்கும் கட்டணமே அவன் ஜீவனம். பெட்போர்டில் அது பதினைந்து ஷில்லிங்கும் சில்லறையும்; பூட்டுச் சாவிக்காரனுக்கு வேறு இரண்டு ஷில்லிங். கூலிக்காரன் எங்கே போவான்? நிரபராதியென்று தீர்ந்தவன் கட்டணம் கட்டமாட்டாமல் மாதக்கணக்கில் கிடந்து, காய்ச்சலில் செத்தும் போவான். ஜெயிலருக்குச் சம்பளம் கொடுங்கள் என்று ஹோவர்டு ஜில்லா நீதிபதிகளைக் கேட்டார். வேறெங்காவது அப்படிக் கொடுக்கும் வழக்கமுண்டோ, காட்டும் என்றார்கள். காட்டுவதற்காக அவர் குதிரையேறி அடுத்த ஜில்லாவுக்குப் போனார். அங்கும் அதே அநியாயம். அதற்கடுத்ததிலும் அதுவே. அந்தக் குதிரைச் சவாரி பதினேழு வருஷம் நீடித்தது.

ஜெயில் காய்ச்சல் என்பதைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதை வைத்தியர்கள் டைபஸ் என்பார்கள். உடலெங்கும் புள்ளி கண்டு, சித்தம் கலங்கி, இரண்டு மூன்று வாரத்தில் ஆளைக் கொண்டுபோகும். அது சிறையின் சுவரோடு நிற்கவில்லை. 1577-ல் ஆக்ஸ்போர்டு நகரில், கத்தோலிக்க விசுவாசத்தைச் சார்ந்த ஒரு புஸ்தகக்காரருக்குக் காதை அறுக்கும் தண்டனை விதித்த நீதிமன்றத்தில் காய்ச்சல் பரவி, தலைமை நீதிபதி, ஷெரீப் உட்பட ஏறக்குறைய முந்நூறு பேர் மாண்டார்கள். தேவகோபம் என்றார்கள் கத்தோலிக்கர். பாப்புமார்க்கத்தாரின் சூனியம் என்றார்கள் மற்றவர்கள். 1750-ல் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்திலும் கைதிகளோடு வந்த காய்ச்சல் நகரத்து மேயரையும் இரண்டு நீதிபதிகளையும் வேறு பலரையும் வாரிக்கொண்டது. தேவகோபமுமல்ல, சூனியமுமல்ல. உடுப்பில் ஒட்டும் சீலைப்பேன் அதைப் பரப்புகிறது என்பதை 1909-ல்தான் டூனிஸ் நகரில் சார்ல்ஸ் நிக்கோல் என்ற பிரெஞ்சு வைத்தியர் கண்டுபிடித்தார். அதற்காக 1928-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஹோவர்டுக்குப் பேன் விஷயம் தெரியாது. கெட்ட காற்றே காரணம் என்று அக்காலத்தார் எல்லாரையும் போல அவரும் நம்பினார். ஆனால் கண்ணால் கண்டதை எண்ணிக் குறித்தார்: அறை எத்தனை அடி நீளம், எத்தனை அடி உயரம், எத்தனை பேர், எத்தனை விலங்கு, ஒருவனுக்கு எத்தனை அவுன்சு ரொட்டி. ஜன்னலுக்கு அக்காலத்தில் வரியிருந்தது; ஜெயிலர் தன் கைப்பணத்தில் கட்டவேண்டுமாகையால் ஜன்னலையே அடைத்துவிடுவான். சில ஜெயில்களில் குடிக்கவும் குளிக்கவுமாக ஆளுக்குச் சுமார் ஒன்றரைப் படித் தண்ணீருக்கு மேல் இல்லை. கைதிகளுக்கு ஜெயிலரே சாராயம் விற்றுப் பிழைத்தான். அவர் எடுத்த ஒரு கணக்கில் இங்கிலாந்து, வேல்ஸ் தேசத்துச் சிறைகளில் இருந்த 4,084 பேரில் 2,437 பேர் கடனைத் தீர்க்க முடியாததால் அடைபட்டவர்கள். தூக்கில் இறந்தவர்களைவிட ஜெயில் காய்ச்சலில் இறந்தவர்கள் அதிகம் என்பதையும் அவரே எடுத்துக் காட்டினார்.

அவர் உடுப்பில் ஏறிய நாற்றத்தினால் மூடிய வண்டியில் பிரயாணம் செய்ய முடியவில்லை. ஆகவே குதிரைமேலேயே போனார். குறிப்புப் புஸ்தகத்தின் ஏடுகளை நெருப்புக்கு முன் விரித்து வைத்த பிறகுதான் புரட்ட முடிந்தது. கையிலிருந்த காடிப் புட்டியும் சில சிறைகளைப் பார்த்தபின் முகரச் சகிக்காததாகிவிடும். ஜெயிலர்களே உள்ளே வரப் பயந்து வாசலில் நின்ற அறைகளுக்குள் அவர் தனியாகப் போனார்.

1774 மார்ச்சில் பார்லிமெண்டு அவரை அழைத்து விசாரித்தது. அவ்வருஷமே இரண்டு சட்டம் பிறந்தது. நிரபராதிகளிடம் கட்டணம் வாங்கலாகாது என்பது ஒன்று. கைதிகளின் ஆரோக்கியத்தைக் காப்பதற்கானது மற்றொன்று: வருஷத்துக்கு ஒருமுறையாவது சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவேண்டும், அறைகளைக் கழுவிக் காற்றோட்டம் உண்டாக்கவேண்டும், நோயாளிகளுக்குத் தனி அறை, குளிக்கத் தொட்டி, ஜெயிலுக்கென்று ஒரு வைத்தியர். சட்டம் ஏட்டில் உறங்கும் என்பது ஹோவர்டுக்குத் தெரியும். தம் சொந்தப் பணத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒவ்வொரு ஜெயிலருக்கும் அனுப்பினார். பிறகு நிறைவேற்றினார்களா என்று பார்க்க மறுபடியும் குதிரையேறினார். பல இடங்களில் நிறைவேற்றவில்லை. கைதிகளின் துணியை அடுப்பில் வைத்துச் சூடேற்றிப் பூச்சியைக் கொல்லவும் அவர் யோசனை சொல்லியிருந்தார். நோயின் காரணத்தைத் தவறாக நினைத்தவர் நோய்க்கான பரிகாரத்தைச் சரியாகச் சொன்னார். அவருடைய வாதத்தின் சாரம் எளியது. நீதிபதி ஒருவனுக்குச் சிறைவாசம் விதித்தால் சிறைவாசம் மாத்திரமே விதித்தார், காய்ச்சலை விதிக்கவில்லை. காற்றும் தண்ணீரும் ரொட்டியும் வைத்தியனும் கைதிக்கு நாம் போடும் பிச்சையல்ல, அவனுக்குரிய நியாயம்.

இவ்விடத்தில் நம் காலத்தை நினையாமலிருக்க முடியவில்லை. 2020-ல் கொரோனா நோய் பரவியபோது, ஒருவரைவிட்டு ஒருவர் விலகி நில்லுங்கள் என்று நமக்கெல்லாம் சொன்னார்கள், கோவிலையே அடைத்தோம். நெருக்கமாய்ப் படுத்திருக்கும் கைதி எங்கே விலகுவான்? இந்திய உச்ச நீதிமன்றம் அவ்வருஷம் மார்ச் 23-ல், ஒவ்வொரு மாநிலமும் உயர்மட்டக் குழு அமைத்து யார் யாரைப் பரோலிலோ இடைக்கால ஜாமீனிலோ விடலாமென்று ஆராயும்படி கட்டளையிட்டது. ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். எல்லாருக்கும் அது கிட்டவில்லை. திருச்சி ஜில்லாவில் 1937-ல் பிறந்த சேசுசபைக் குருவானவர் ஸ்டான் சுவாமி 2020 அக்டோபரில் கைதானார். குற்றச்சாட்டை அவர் மறுத்தார். நடுக்குவாதத்தினால் குவளையைப் பிடிக்கமாட்டாத அவர், உறிஞ்சிக் குடிக்கும் குவளைக்காக நீதிமன்றத்துக்கு மனுச்செய்ய வேண்டியிருந்தது. காவலில் இருக்கையிலேயே கொரோனா கண்டு, 2021 ஜூலை 5-ல், எண்பத்து நான்காம் வயதில், விசாரணை தொடங்குமுன்பே பம்பாய் ஆஸ்பத்திரியில் மரித்தார். வழக்கின் தன்மையைத் தீர்ப்பது என் வேலையல்ல. ஆனால் 2022-ம் ஆண்டின் அரசாங்கக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நாலில் மூன்று பங்கினர் தீர்ப்புப் பெறாதவர்கள் என்பதைப் படிக்கும்போது, பெட்போர்டு ஜெயிலின் வாசல் கண்முன் வருகிறது.

ஹோவர்டின் கதைக்குத் திரும்புவோம். 1777-ல் தாம் கண்டவற்றைப் புஸ்தகமாக்கி, கைக்காசைப் போட்டு, விலையைக் குறைத்து விற்றார். பிறகு ஐரோப்பா முழுவதும் சுற்றினார். நாற்பதினாயிரம் மைலுக்கு மேல் என்பார்கள். கென்ட் நகரில் கைதிக்கு ஒரு தனியறை என்று கட்டியிருந்த சிறை அவருக்குப் பிடித்தது. ரோமாபுரியில் பதினோராம் கிளெமெண்டு பாப்பரசர் 1703-ல் சிறுவர்களுக்கென்று ஸ்தாபித்த சான் மிக்கேலே இல்லத்தை மனமாரப் புகழ்ந்தார். தண்டிப்பதோடு நில்லாமல் திருத்தவும் வேண்டுமென்று அதில் எழுதியிருந்ததை எங்கும் எடுத்துச் சொன்னார். நமக்கு இது பெருமைதான். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்வதானால், ஸ்பெயினில் வல்லதோலித் நகரத்து இன்குவிசிசியோன் சிறையின் உள்ளறைகளை அவருக்குக் காட்டவில்லை. தம்மை ஒரு மாதம் அடைத்து வைத்தாவது பார்க்க விடுங்கள் என்றார். உள்ளே போனவன் மூன்று வருஷத்துக்கு முன் வரமாட்டான், வந்தாலும் வாய்திறவேன் என்று ஆணையிட வேண்டும் என்று பதில் வந்தது. பூட்டிய கதவு யாருடையதாயிருந்தாலும் அவருக்கு ஒன்றே.

பிற்பாடு கொள்ளைநோயைப்பற்றி ஆராயத் துணிந்தார். நோயுள்ள துறைமுகங்களிலிருந்து வரும் கப்பல் ஜனங்களை நாற்பது நாள் அடைத்து வைக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அந்த விடுதிகள் உள்ளபடி எப்படியிருக்கின்றன என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆகவே அறுபது வயதில் ஸ்மிர்னாவுக்குப் போய், வேண்டுமென்றே நோய்ச்சந்தேகமுள்ள கப்பலில் ஏறி வெனிசு வந்து சேர்ந்தார். வழியில் கடற்கொள்ளைக்காரரோடு சண்டை வேறு. வெனிசில் அடைத்த அறையின் சுவர் நாற்றமெடுத்துத் தலைவலியுண்டாக்கிற்று. வெந்நீர் ஊற்றிக் கழுவியும் போகவில்லை. விடுதிக்காரர்கள் விரும்பாதபோதும் சுண்ணாம்பு வருவித்துத் தாமே சுவருக்கு அடித்தார். அங்கிருக்கையில் இரண்டு செய்தி வந்தது. அவருக்குச் சிலை வைக்க லண்டனில் பணம் திரட்டுகிறார்கள் என்பது ஒன்று. நிறுத்தும்படி உடனே எழுதினார். ஒரே மகனுக்குச் சித்தப்பிரமை என்பது மற்றொன்று. தாயில்லாப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலும் வேலைக்காரரிடத்திலும் விட்டுவிட்டு ஊர் ஊராய்த் திரிந்தவர் அவர். பிறர் பிள்ளைகளுக்காக அலைந்தவர் தம் பிள்ளையைக் கவனித்தாரா என்று கேட்டவர்கள் அப்போதே உண்டு. எனக்கும் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை. அந்த மகன் சித்தம் தெளியாமலே 1799-ல் இறந்தான்.

1789-ல் கடைசிப் பிரயாணம். ருசிய தேசத்து இராணுவ ஆஸ்பத்திரிகளில் போர்வீரர்கள் கவனிப்பாரின்றிச் சாகிறார்கள் என்று கண்டு, கருங்கடலுக்குச் சமீபமான கெர்சோன் பட்டணத்தில் தங்கினார். அது இன்று உக்ரேன் நாட்டைச் சேர்ந்தது. காய்ச்சலாய்க் கிடந்த ஓர் இளம்பெண்ணைப் பார்க்க மாரிக்காலக் குளிரில் குதிரைமேல் போனார். சில நாளில் அவருக்கும் காய்ச்சல் கண்டது. 1790 ஜனவரி 20-ல் மரித்தார்.

ஆடம்பரமில்லாமல் புதைத்து, கல்லறைமேல் ஒரு நிழற்கடிகாரம் வைத்துவிட்டுத் தம்மை மறந்துவிடும்படி சொல்லியிருந்தார். லண்டன் அர்ச். பவுல் பெரிய கோவிலில் முதன்முதல் வைக்கப்பட்ட சிலை அவருடையதே. அதன் கையில் சிறைச் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். கெர்சோன் பட்டணத்தில் பின்னாளில் எழுப்பிய ஞாபகத்தூணில் மாத்திரம் அவர் கேட்டபடி நிழற்கடிகாரம் உண்டு.