தணிக்கையை எதிர்த்து வழக்காடிய பத்திரிகையாளர் கே.ஏ. அப்பாஸ்

புதுதில்லி: திரைப்படத் தணிக்கை அரசியல் சட்டப்படி செல்லுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் நீதிமன்றங்களில் முதலில் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்புகளுள் ஒன்று, 1970 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த கே.ஏ. அப்பாஸ் வழக்கின் தீர்ப்பு. அதில் மனுதாரர் தோற்றார். எனினும், தணிக்கை வாரியத்தின் முடிவை எதிர்த்து முறையிட ஒரு சுதந்திரமான அமைப்பு வேண்டும் என்ற கோரிக்கை அந்தத் தோல்வியிலிருந்துதான் வலுப்பெற்றது.

அந்த மனுதாரர் கவாஜா அகமது அப்பாஸ், அடிப்படையில் ஒரு பத்திரிகையாளர்.

பானிபட்டிலிருந்து பம்பாய்க்கு: 1914 ஜூன் 7-ம் தேதி பானிபட்டில் பிறந்தவர் அப்பாஸ். உருதுக் கவிஞர் அல்தாஃப் ஹுசைன் ஹாலியின் வழிவந்தவர். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் இலக்கியமும் சட்டமும் பயின்றார். ஆனால், நீதிமன்றத்துக்குச் செல்லாமல், 1935-ல் பம்பாய் சென்று, தேசிய இயக்கத்தின் குரலாக விளங்கிய "பாம்பே கிரானிக்கிள்' நாளிதழில் சேர்ந்தார்.

அங்கு அவர் தொடங்கிய "லாஸ்ட் பேஜ்' என்ற வாரப் பத்தி, 1947-க்குப் பிறகு ஆர்.கே. கரஞ்சியாவின் "பிளிட்ஸ்' இதழுக்கு இடம்பெயர்ந்தது. ஆட்சிகள் மாறியபோதும் நிற்காத அப்பத்தி, 40 ஆண்டுகளுக்கும் மேலாக, அவர் இறக்கும் வரை வெளிவந்தது. ஆங்கிலம், உருது, ஹிந்தி ஆகிய மொழிகளில் 70-க்கும் மேற்பட்ட நூல்களையும் எழுதினார்.

இரு வேறு உலகங்கள்: பத்திரிகையில் திரை விமர்சனம் எழுதியவர், பின்னர் தாமே திரைக்கதை எழுதலானார். வங்கப் பஞ்சத்தைச் சித்திரித்த "தர்தி கே லால்' (1946) படத்தை இந்திய மக்கள் நாடக மன்றத்தின் கலைஞர்களைக் கொண்டு இயக்கினார். அதே ஆண்டு கான் திரைப்பட விழாவில் உயரிய பரிசைப் பகிர்ந்துகொண்ட "நீச்சா நகர்' படத்தின் திரைக்கதையிலும் அவருக்குப் பங்கு உண்டு.

மறுபுறம், ராஜ் கபூருக்காக "ஆவாரா', "ஸ்ரீ 420', "பாபி' போன்ற வெற்றிப் படங்களுக்கும் எழுதினார். வணிகப் படங்களில் ஈட்டிய பணத்தை, வசூல் நிச்சயமில்லாத தமது சொந்தப் படங்களில் செலவிட்டார். அவற்றுள் "ஷெஹர் அவுர் சப்னா' 1963-ம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. 1969-ல் வெளியான "சாத் ஹிந்துஸ்தானி' அமிதாப் பச்சனைத் திரைக்கு அறிமுகப்படுத்தியது.

நேருவின் கொள்கைகளில் பற்றுக் கொண்டவர். இந்திரா காந்தியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். 1969-ல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அடுத்த ஆண்டு, அதே அரசை உச்ச நீதிமன்றத்தில் அவர் எதிர்கொண்டார்.

நான்கு நகரங்களின் கதை: வழக்குக்குக் காரணம், அவர் எடுத்த 16 நிமிட ஆவணப்படம். கொல்கத்தா, பம்பாய், சென்னை, தில்லி ஆகிய நகரங்களின் மாளிகைகளையும், அவற்றைக் கட்டிய தொழிலாளர்களின் குடிசைகளையும் அடுத்தடுத்துக் காட்டிய கறுப்பு வெள்ளைப் படம் அது. தொழிலாளர்களின் பாடலையும் பின்னணி ஓசைகளையும் தவிர அதில் பேச்சு கிடையாது. சொகுசு கார்களுக்கு நடுவே கொல்கத்தா, சென்னை நகரங்களின் ரிக்ஷா, கைவண்டித் தொழிலாளர்கள் வந்தனர். ஒரு காட்சியில், பருத்த பயணி ஒருவரை நலிந்த மனிதர் மூச்சிரைக்க இழுத்துச் செல்கிறார்; பிறிதொரு காட்சியில் அதே தொழிலாளி ரிக்ஷாவில் அமர்ந்திருக்க, அந்தப் பயணி இழுக்கிறார். சில ஆண்டுகள் கழித்து, 1973-ல், திமுக ஆட்சியில் தமிழகத்தில் கைரிக்ஷாக்கள் ஒழிக்கப்பட்டன.

பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதிக் காட்சிகளைக் காரணம் காட்டி, அனைவரும் பார்ப்பதற்கான "யு' சான்றிதழை வாரியம் மறுத்தது. மத்திய அரசிடம் மேல்முறையீடு செய்தபோது, சில காட்சிகளை வெட்டினால் "யு' தரலாம் எனப் பதில் வந்தது. அப்பாஸ் உச்ச நீதிமன்றத்தை நாடினார்.

விசாரணையின்போது, வெட்டு எதுவுமின்றிச் சான்றிதழ் தரத் தயார் என அரசு அறிவித்தது. கேட்டது கிடைத்துவிட்ட நிலையில் வழக்கு அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால், அப்பாஸ் மனுவைத் திருத்தி, முன் தணிக்கையே பேச்சுரிமைக்கு முரணானது என்ற கேள்வியை எழுப்பினார்.

தலைமை நீதிபதி ஹிதாயதுல்லா தலைமையிலான அமர்வு அதை ஏற்கவில்லை. மற்ற ஊடகங்களைவிடத் திரைப்படம் உணர்வுகளை ஆழமாகத் தூண்டக்கூடியது என்பதால், முன் தணிக்கை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அதேசமயம், கலைக்கு மதிப்பளிக்கும் தெளிவான வழிகாட்டு நெறிகள் தேவை என்றது. மத்திய அரசே இறுதி மேல்முறையீட்டு அமைப்பாக இருக்கும் நிலையை மாற்றுவதாக அரசுத் தரப்பும் உறுதியளித்தது.

நிறைவேறியதும் நீங்கியதும்: அந்த உறுதிமொழி உடனே நிறைவேறவில்லை. 1981-ல் சட்டம் திருத்தப்பட்டு, 1983-ல்தான் திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அமைந்தது. அப்பாஸ் 1987 ஜூன் 1-ம் தேதி மும்பையில் காலமானார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, இடஒதுக்கீட்டை விமர்சித்த "ஒரே ஒரு கிராமத்திலே' தமிழ்ப் படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அப்பாஸ் வழக்கையும் பரிசீலித்த அத்தீர்ப்பு, வன்முறை மிரட்டலுக்குப் பணிந்து கருத்துரிமையை முடக்க முடியாது எனத் தெளிவுபடுத்தியது.

2021 ஏப்ரலில் மத்திய அரசு அவசரச் சட்டம் மூலம் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தைக் கலைத்தது. அதன்பின், வாரியத்துடன் முரண்படும் தயாரிப்பாளர்கள் உயர் நீதிமன்றங்களையே நாட வேண்டியதாயிற்று. 2023-ல் ஒளிப்பதிவுச் சட்டம் திருத்தப்பட்டு, வயதுவாரியான சான்றிதழ்கள் வந்தன; கலைக்கப்பட்ட தீர்ப்பாயம் திரும்பி வரவில்லை.

பெரும் பட நிறுவனங்களுக்கு உயர் நீதிமன்றம் எட்டாத தூரமல்ல. 16 நிமிட ஆவணப்படம் எடுப்பவருக்கோ, வழக்குச் செலவு படத்தின் செலவையே மிஞ்சிவிடும். சலுகையைப் பெற்றுக்கொண்டு ஒதுங்காமல், விதியையே எதிர்த்து அப்பாஸ் வழக்காடியது அத்தகைய படங்களுக்கும் சேர்த்துத்தான்.