எவரெஸ்ட் தொட்ட டென்சிங், ஒரு மலையில் மட்டும் ஏற மறுத்தது ஏன்? பனிச்சரிவு எப்படி உருவாகிறது?

புதுக்கோட்டைக்காரர்களுக்கு பனின்னா, மார்கழி காலையில் புல் மேல் நிற்கும் ஈரம்தான். வெயில் வந்தா போச்சு. ஆனா இமயமலையில் வெயில் ஏறும்போதுதான் பல இடங்களில் ஆபத்தே ஆரம்பிக்கும்.

2016 பிப்ரவரி 3-ம் தேதி, சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் 10 பேரை பனிச்சரிவு புதைத்தது. இறந்தவர்களில் தமிழ்நாட்டு வீரர்களும் இருந்தனர். இப்படிப்பட்ட ஆபத்துக்கு நடுவிலேயே தொழில் செய்து, 71 வயது வரை வாழ்ந்தவர் டென்சிங் நார்கே.

யார் இவர்?

1914-ல் பிறந்த ஷெர்பா. வேலை தேடி டார்ஜிலிங் வந்தவர், 1935-ல் சுமை தூக்குபவராக முதல்முறை எவரெஸ்ட் பக்கம் போனார். அதே மலையில் 1922-ல் ஒரே பனிச்சரிவில் 7 சுமை தூக்கிகள் இறந்திருந்தனர். 1937-ல் நங்க பர்பத்தில் 16 பேர் புதைந்தனர். அதில் 9 பேர் ஷெர்பாக்கள்.

பனிச்சரிவு எப்படி வருது?

பழைய பனி மேல் புதுப்பனி விழும். நடுவில் ஒரு அடுக்கு மட்டும் சர்க்கரை மாதிரி ஒட்டாமல் இருக்கும். 30 முதல் 45 டிகிரி சரிவில், மேலே உள்ள பலகை போன்ற பனி எப்போ வேணும்னாலும் வழுக்கலாம். காற்று கொண்டு வந்து குவிக்கும் பனியும், திடீர் வெப்பமும் இதை மோசமாக்கும். பல நேரம், அதன் மேல் நடக்கும் மனிதரின் எடையே போதும். புதைந்தவரை 10 - 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு.

ஏற மறுத்த மலை

1950-ன் இறுதி. கடும் குளிர்காலத்தில் நங்க பர்பத் மேல் போக விரும்பினர் பிரிட்டிஷ் வீரர்கள். ஷெர்பாக்கள் மறுத்தனர். அவர்களின் தலைவரான டென்சிங்கும் அவர்கள் பக்கமே நின்றார். கூலிக்கு வந்தவர்கள் முடியாதுன்னு சொல்வது அந்தக் காலத்தில் லேசான விஷயம் இல்லை. மேலே போன தோர்ன்லி, கிரேஸ் இருவரும் திரும்பவே இல்லை. அவர்களைத் தேடவும் டென்சிங் முயன்றார். ஆழமான பனி வழிவிடவில்லை.

அப்போ எவரெஸ்ட்?

1953 மே 29. தெற்கு உச்சிக்குக் கீழே பனி இறுகாமல், காலை வைத்தால் உடைந்தது. டென்சிங்கும் ஹிலாரியும் நின்று பேசினர். ஆபத்து தெரிந்தே இருவரும் சேர்ந்து முடிவெடுத்து ஏறினர். காலை 11.30 மணிக்கு உச்சி. அன்று பனி பிடித்து நின்றது. நிற்காமலும் போயிருக்கலாம்.

1954-ல் டார்ஜிலிங்கில் இமாலயன் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கியபோது, களப்பயிற்சிக்குத் தலைமை ஏற்றார். 1976 வரை ஏராளமான இந்தியர்களுக்கு மலையில் நடக்கக் கற்றுக்கொடுத்தார். 1986 மே 9-ல் காலமானார்.

இன்று சண்டிகரில் உள்ள டிஆர்டிஓ ஆய்வகம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. காஷ்மீர், இமாச்சல் பக்கம் டூர் போறவங்க கிளம்பும் முன் அதைப் பாருங்க. போக வேண்டாம்னு உள்ளூர் வழிகாட்டி சொன்னா, பணம் கட்டியாச்சேன்னு வற்புறுத்தாதீங்க. 1950-ல் ஷெர்பாக்கள் சொன்னதும் அதைத்தான்.