ஆலைத் தொழிலாளரின் அருந்துணைவர்

சிதம்பரத்திலிருந்து பேருந்தேறிக் கடலூர் சிப்காட் ஆலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குச் செல்வோரை நான் நாள்தோறும் காண்கிறேன். ஊழியரின் மன உளைச்சலைப் போக்க நிறுவனங்கள் இன்று பயிற்சி வகுப்புகள் நடத்துகின்றன. இதனை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சில் நிழலாடுபவர் கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனார் ஆவார்.

1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அப்பெருமகனார் வழக்கறிஞரானார். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் குறைந்த கூலிக்கு ஓய்வின்றி உழைத்து வாடினர். அது கண்டு, 1908 பிப்ரவரியில் சுப்பிரமணிய சிவாவுடன் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. மார்ச் 12இல் அவர் கைது செய்யப்பட்டார்.

சிறையில் செக்கிழுத்த அக்கைகளே ஜேம்ஸ் ஆலனின் நூலை ‘மனம் போல வாழ்வு’ எனத் தமிழாக்கின. உள்ளம் பண்படுதலின் அருமையை நன்குணர்ந்த அவரே, தொழிலாளிக்கு முதலில் ஓய்வைப் பெற்றுத் தந்தார் என்பது சிந்திக்கத்தக்கது. 1912இல் விடுதலையாகி, வறுமையில் உழன்று, 1936 நவம்பர் 18இல் மறைந்தார்.

பயிற்சி வேண்டாமென்பதன்று என் கருத்து. வேலைப்பளு குறையாதவிடத்து மூச்சுப் பயிற்சி மட்டும் என் செய்யும்? நாளை அலுவலராகவும் மேலாளராகவும் அமரப்போகும் நாம் இதனை நெஞ்சில் நிறுத்துவோமாக!