மால்குடியை நம்ம வீட்டுக்குள் கொண்டு வந்தவர்: 35 வயதில் மறைந்த சங்கர் நாக்கின் கதை

கடலூரில் இருந்து சிதம்பரம் போகும் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானது 1980-களில். ஆலைகளின் புகைபோக்கிகள் எழுந்த அதே காலத்தில்தான் சுற்றியிருந்த ஊர்களின் வீட்டு மாடிகளில் டிவி ஆண்டெனாக்களும் எழுந்தன. தெருவுக்கு ஒரு டிவி இருந்தாலே பெரிய விஷயம். டிவி இருக்கும் வீட்டுத் திண்ணையில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். காற்று அடித்தால் படம் புள்ளி புள்ளியாகப் போகும். ஒருத்தர் மாடியேறி ஆண்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து இன்னொருத்தர் தெரியுதா இல்லையான்னு கத்துவார்.

அப்போது சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று 40, 50 வயதைத் தொட்டிருப்பார்கள். அவர்களிடம் பழைய டிவி நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேட்டால் ஒளியும் ஒலியும், வயலும் வாழ்வும், கண்மணிப் பூங்கா என்று அடுக்குவார்கள். அதோடு நிச்சயம் இன்னொரு பெயரும் வரும். மால்குடி டேஸ். தலையில் தொப்பி, கால்சட்டை, முகம் நிறைய குறும்போடு நிற்கும் சுவாமி என்ற பையன். கூடவே, ஒருமுறை கேட்டால் நாள் முழுக்க வாயில் ஒட்டிக்கொள்ளும் அந்த டைட்டில் மெட்டு.

சுவாமியைத் தெரிந்த அளவுக்கு அவனைத் திரையில் உலவவிட்ட இயக்குநரைத் தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது. அவர்தான் சங்கர் நாக். கன்னட சினிமாவின் பெரிய ஹீரோ. 35 வயதில் சாலை விபத்தில் இறந்துபோனவர். யார் இந்த சங்கர் நாக்? விரிவாகப் பார்ப்போம்.

வங்கி வேலையில் இருந்து நாடக மேடைக்கு

கர்நாடகாவின் வட கன்னட மாவட்டத்தில், ஹொன்னாவர் பக்கம் 1954-ம் ஆண்டு நவம்பர் 9-ம் தேதி பிறந்தார் சங்கர் நாக். கொங்கணி பேசும் குடும்பம். அண்ணன் அனந்த் நாக், பின்னாளில் கன்னடத்திலும் இந்தியிலும் பெயர் வாங்கிய நடிகர்.

இளம் வயதிலேயே பம்பாய் போன சங்கர், அங்கே ஒரு வங்கியில் வேலை பார்த்தார். ஆனால் மனசு முழுக்க மராத்தி நாடக மேடையில்தான். நடிப்பதோடு நிற்காமல் எழுதினார், இயக்கினார், மேடைக்குப் பின்னால் நடக்கும் வேலைகளையும் கற்றுக்கொண்டார். பிறகு மனைவியான அருந்ததியைச் சந்தித்ததும் நாடக உலகத்தில்தான்.

அவரை சினிமாவுக்குக் கொண்டு வந்தவர் கிரீஷ் கர்நாட். 1978-ல் வெளியான 'ஒந்தானொந்து காலதல்லி' படத்தில் கூலிப்படை வீரனாக சங்கர் நடித்தார். முதல் கன்னடப் படமே இந்தியாவின் சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதை வாங்கிக் கொடுத்தது. அப்போது அவருக்கு 24 வயதுதான்.

ஆட்டோக்காரர்களின் ஹீரோ

அடுத்த 12 ஆண்டுகளில் அவர் ஓடிய ஓட்டத்தை நினைத்தாலே மூச்சு வாங்கும். 80-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். 'ஆட்டோ ராஜா' படத்தில் ஆட்டோ ஓட்டுநராக நடித்த பிறகு, கர்நாடகாவின் ஆட்டோக்காரர்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே எடுத்துக்கொண்டார்கள். பெங்களூரு போனால் இன்றைக்கும் ஆட்டோக்களின் பின்பக்கம் அவர் படத்தைப் பார்க்கலாம். இங்கே எம்.ஜி.ஆர். படமும் ரஜினி படமும் ஒட்டுவார்களே, அந்த மாதிரி.

சண்டைப் படங்களில் சம்பாதித்த பெயரையும் பணத்தையும் தனக்குப் பிடித்த படங்களில் போட்டார். அவர் இயக்கிய 'மிஞ்சின ஓட்டா', 'ஆக்சிடென்ட்' இரண்டும் விமர்சகர்கள் கொண்டாடிய படங்கள். குடித்துவிட்டு காரை ஓட்டி நடைபாதைவாசிகளின் உயிரைப் பறிக்கும் பணக்கார வீட்டுப் பையனைப் பற்றிய 'ஆக்சிடென்ட்' தேசிய விருது வாங்கியது. 1981-ல் அவர் இயக்கி நடித்த 'கீதா' படத்துக்கு இசை நம்ம இளையராஜா. அந்தப் பாடல்களை கன்னட ரசிகர்கள் இன்னமும் விடவில்லை.

மால்குடி எங்கே இருக்கிறது?

இதற்கான பதில், எங்கேயும் இல்லை என்பதுதான். சென்னையில் 1906-ல் பிறந்து, புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்து, மைசூரில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்.கே.நாராயண் மனசுக்குள் கட்டிய ஊர் அது. 1935-ல் வந்த அவரது முதல் நாவலிலேயே சுவாமியும் அவன் நண்பர்களும், சரயு நதியும், ரயில் நிலையமும் வந்துவிட்டன. எழுதியது ஆங்கிலத்தில் என்றாலும், அந்த ஊரின் தெருவும் திண்ணையும் பாட்டியும் நமக்குப் பழக்கமானவைதான்.

இந்த ஊரைத் திரையில் காட்டுவது சாதாரண வேலை இல்லை. ஏற்கெனவே நாராயணின் 'தி கைடு' நாவலை இந்தியில் படமாக எடுத்து, படம் பெரிய வெற்றியும் பெற்றது. ஆனால் தன் கதையை அவர்கள் கையாண்ட விதம் நாராயணுக்குப் பிடிக்கவில்லை. அதைப் பற்றி கிண்டலும் கசப்புமாக ஒரு கட்டுரையே எழுதினார். அப்படிப்பட்டவரின் கதைகளை தூர்தர்ஷனுக்காகத் தொடராக எடுக்க தயாரிப்பாளர் டி.எஸ்.நரசிம்மன் முன்வந்தார். இயக்கும் பொறுப்பு, அப்போது 30-களின் தொடக்கத்தில் இருந்த சங்கர் நாக்கிடம் வந்தது.

மழை ஊரில் உருவான மால்குடி

படப்பிடிப்புக்குத் தேர்ந்தெடுத்த இடம், சிவமொக்கா மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் ஆகும்பே. தென்னிந்தியாவின் சிரபுஞ்சி என்று சொல்வார்களே, அந்த ஊர். ஸ்டுடியோவில் செட் போட்டிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். சங்கர் ஒரு முழு ஊரையே மால்குடியாக மாற்றினார். அங்கிருந்த நூற்றாண்டு பழமையான பெரிய வீடு ஒன்று சுவாமியின் வீடானது. உள்ளூர் மக்களே ஊர் மக்களாக வந்து போனார்கள். ஆகும்பேயில் ரயில் கிடையாது. அதனால் மால்குடி ஸ்டேஷனாக மாறியது, அதே மாவட்டத்தில் இருக்கும் அரசாளு என்ற சின்ன ரயில் நிலையம்.

சுவாமியாக மாஸ்டர் மஞ்சுநாத், அவன் அப்பாவாக கிரீஷ் கர்நாட். தன்னை சினிமாவுக்குக் கூட்டி வந்த இயக்குநரை, சங்கர் இப்போது தன் தொடரில் நடிக்க வைத்தார். அண்ணன் அனந்த் நாக்கும் இருந்தார். டைட்டிலில் வரும் கோட்டோவியங்களை வரைந்தவர் நாராயணின் தம்பியும் புகழ்பெற்ற கார்ட்டூனிஸ்டுமான ஆர்.கே.லக்ஷ்மண்.

அந்த மறக்க முடியாத மெட்டு? அது எல்.வைத்தியநாதனுடையது. வயலின் மேதைகள் எல்.சுப்ரமணியம், எல்.சங்கர் ஆகியோரின் அண்ணன். ஆலை முதலாளியை எதிர்த்து நிற்கும் இளைஞனின் கதையான 'ஏழாவது மனிதன்' படத்துக்கு பாரதியார் பாடல்களை இசையமைத்தவரும் அவர்தான். ஆக, எழுதியவர் புரசைவாக்கத்தில் வளர்ந்தவர், இசையமைத்தவர் தமிழர், எடுத்தவர் கொங்கணி பேசிய கன்னட ஹீரோ, ஒளிபரப்பானது நாடு முழுக்க.

இந்தி தெரியாமலே புரிந்தது எப்படி?

1980-களின் பின்பாதியில் தொடர் ஒளிபரப்பானது ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். கடலூர் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைக்கு இரண்டுமே தெரியாது. ஆனாலும் கதை புரிந்தது. காரணம், சங்கர் வசனத்தை நம்பி அதை எடுக்கவில்லை.

கணக்கு வாத்தியாரைப் பார்த்து ஒரு பையன் முகம் சுருங்கினால், அதற்கு மொழிபெயர்ப்பு எதற்கு? கிரிக்கெட் மட்டை வாங்கக் காசு இல்லாமல் டீம் ஆரம்பிக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. அப்பா வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்ளாத பையன் யார்? கேமராவை அந்த முகங்களின் பக்கத்தில் வைத்து, அவசரப்படாமல் காத்திருந்தார் சங்கர்.

சுவாமி மட்டும் இல்லை. மகளை சினிமாவுக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, ஆபீஸில் மாட்டிக்கொள்ளும் ஒரு அப்பாவின் கதை உண்டு. மாசம் 45 ரூபாய் சம்பளம். இரவு அவர் வீடு திரும்பும்போது, நல்ல கவுனைக் கூட கழற்றாமல் குழந்தை தூங்கிப்போயிருக்கும். ஷிப்ட் வேலைக்குப் போகும் அப்பாக்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை யாரும் விளக்கத் தேவையில்லை. கல்யாணம் தடைபடக் கூடாது என்று சாவுச் செய்தி வந்த தபாலை மறைத்து வைக்கும் தபால்காரர், லாட்டரியில் ரோடு இன்ஜினைப் பரிசாக வாங்கிவிட்டு அதை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் முழிக்கும் மனிதர் என ஒவ்வொருத்தரும் நம்ம தெருவில் இருந்தவர்கள்தான்.

வில்லன் கிடையாது, பெரிய திருப்பம் கிடையாது. சின்ன மனிதர்களின் சின்னக் கவலைகளைப் பெரிசாக மதித்தது அந்தத் தொடர். இத்தனை வருஷம் கழித்தும் அது நினைவில் நிற்க அதுதான் காரணம். கைடு படத்தால் மனம் வெறுத்திருந்த நாராயணுக்கும் இந்தத் தொடர் திருப்தி தந்தது.

அவசரமாக வாழ்ந்த மனிதர்

திரையில் நிதானம் காட்டிய சங்கர், வாழ்க்கையில் நிற்க நேரம் இல்லாதவர். சங்கேத் என்ற பெயரில் நாடகக் குழு நடத்தினார். அதே பெயரில் பெங்களூருவில் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். ராஜ்குமாரை வைத்து 'ஒந்து முத்தின கதே' எடுத்தார். அந்த நகரத்துக்கு மெட்ரோ ரயில் வேண்டும் என்று அன்றைக்கே பேசியவர் என்று கர்நாடகாவில் இப்போதும் சொல்வார்கள். அங்கே மெட்ரோ ஓடத் தொடங்கியது 2011-ல்தான். நாடகத்துக்கென்றே நல்ல அரங்கம் ஒன்று கட்ட வேண்டும் என்பது அவரது இன்னொரு கனவு.

1990-ம் ஆண்டு செப்டம்பர் 30. படப்பிடிப்புக்காக மனைவி, மகளுடன் காரில் போய்க்கொண்டிருந்தார். தாவணகெரே அருகே அனகோடு என்ற இடத்தில், அதிகாலையில் கார் லாரியில் மோதியது. சங்கர் நாக் அங்கேயே உயிரிழந்தார். மனைவியும் மகளும் காயங்களோடு பிழைத்தார்கள். 36-வது பிறந்தநாளுக்கு இன்னும் 40 நாள் இருந்தது. சாலையில் பறிபோகும் உயிர்களைப் பற்றிப் படம் எடுத்தவரின் வாழ்க்கை, சாலையிலேயே முடிந்தது.

கனவு அதோடு முடிந்துவிடவில்லை. விபத்தில் பலத்த காயமடைந்த அருந்ததி நாக், நீண்ட சிகிச்சைக்குப் பிறகு எழுந்து வந்தார். நிதி திரட்டி, பல ஆண்டுகள் அலைந்து, 2004-ல் பெங்களூரு ஜே.பி. நகரில் ரங்க சங்கரா நாடக அரங்கத்தைத் திறந்தார். இன்று நாட்டின் முக்கியமான நாடக அரங்கங்களில் அதுவும் ஒன்று.

இப்போது மால்குடி

ஆகும்பேயில் சுவாமியின் வீட்டைப் பார்க்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள். அரசாளுவின் பழைய ஸ்டேஷன் கட்டடத்தை ரயில்வே புதுப்பித்து மால்குடி அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறது. இல்லாத ஒரு ஊருக்கு நிஜமாகவே ஒரு ஸ்டேஷன் கிடைத்துவிட்டது.

இந்தப் பக்கம் சிப்காட்டை ஒட்டி உப்பனாறு ஓடுகிறது. சுவாமியும் நண்பர்களும் சரயு கரையில் ஆடியதை டிவியில் பார்த்த பிள்ளைகளுக்கு, அவர்கள் ஊர் சரயு இதுதான். ஆலைக் கழிவுகளால் கெட்டுப்போனதாக மீனவர்களும் சூழலியல் ஆர்வலர்களும் பல வருஷமாகப் புகார் சொல்லிவரும் ஆறு அது. இன்றைய பிள்ளைகளை அங்கே குளிக்க விடப் பெற்றோர் யோசிப்பார்கள். மால்குடியை நினைத்து நாம் ஏங்குவது பழைய டிவிக்காக மட்டும் இல்லை. பிள்ளைகள் பயமில்லாமல் இறங்கிய ஆற்றுக்காகவும், கதவு திறந்தே கிடந்த பக்கத்து வீட்டுக்காகவும்தான்.

அந்த ஊரைத் திரும்பக் கட்ட சங்கர் நாக்கால் முடியாது. ஆனால் அது எப்படி இருந்தது என்று காட்டும் சாட்சியை விட்டுப் போயிருக்கிறார். இணையத்தில் மால்குடி டேஸ் தொடரின் பகுதிகள் கிடைக்கின்றன. இந்த வாரக் கடைசியில் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பகுதியைப் போட்டுப் பாருங்கள். இந்தி புரியாவிட்டாலும் பரவாயில்லை. அன்றைக்கு உங்களுக்கும்தான் புரியவில்லை.