தோட்டம் காத்த துன் சம்பந்தன்

கேமரன் மலையில் போ தேயிலை நிறுவனம் 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அங்கே மலைச்சரிவுகளைத் திருத்தித் தேயிலை நட்டவர்களுள் தமிழ்த் தொழிலாளர்கள் பலர். மலையில் கொழுந்து பறித்தவர்களுக்கும் தாழ்நிலத்தில் பால்மரம் சீவியவர்களுக்கும் ஒரு நிலைமை பொதுவாக இருந்தது. அவர்கள் குடியிருந்த லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துக்கே சொந்தம். வேலை போனால் வீடும் போய்விடும். இதில் இருந்த ஆபத்தை 1950களில் ரப்பர் தோட்டங்கள் வெளிச்சமிட்டுக் காட்டின. அந்த ஆபத்துக்கு மாற்றுவழி தேடியவர் துன் வீ.தி.சம்பந்தன்.

சம்பந்தன் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தை வீராசாமி ரப்பர் தோட்ட உரிமையாளர். கோலகங்சாரிலும், பின்னர்த் தமிழ்நாட்டின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சம்பந்தன் கல்வி கற்றார். 1955இல் ம.இ.கா.வின் தலைவராகவும் தொழிலாளர் அமைச்சராகவும் பொறுப்பேற்றார். நாட்டின் விடுதலைக்காகப் பாடுபட்ட தலைவர்களுள் அவரும் ஒருவர்.

விடுதலை நெருங்கிய காலத்தில் வெளிநாட்டு நிறுவனங்கள் பல தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கின. இலாப நோக்குடைய வணிகர்கள் அவற்றை மொத்தமாக வாங்கினர். சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக் கூடுதல் விலைக்கு விற்றனர். இதுவே தோட்டத் துண்டாடல் எனப்பட்டது. விற்ற நிறுவனத்துக்கு விலை கிடைத்தது. வணிகருக்கு இலாபம் கிடைத்தது. ஐந்தாறு ஏக்கர் வாங்கிய புதியவருக்கோ பழைய தொழிலாளர்கள் அனைவரும் தேவைப்படவில்லை. காட்டைத் தோட்டமாக்கிய தலைமுறையின் பிள்ளைகள் வேலையையும் வீட்டையும் ஒன்றாக இழந்தனர். தோட்டம் கலைந்தபோது அதன் தமிழ்ப்பள்ளியும் கோயிலும் ஆதரவற்றுப் போயின.

தோட்டம் விற்பனைக்கு வருமானால் அதைத் தொழிலாளர்களே வாங்கட்டும் என்பது சம்பந்தன் கண்ட வழி. தனி ஒருவரால் இயலாததைப் பலர் கூடிச் செய்யலாம் என அவர் நம்பினார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. அதைப் பத்துப் பத்து வெள்ளியாகத் தவணையில் செலுத்தலாம். அன்றைய தொழிலாளிக்குப் பத்து வெள்ளி என்பது சில நாள் கூலி. ஆகவே, அமைச்சராக இருந்தபோதும் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, மக்களை நேரில் சந்தித்துத் திட்டத்தை விளக்கினார்.

சிறுதுளி பெருவெள்ளமானது. கெடாவில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் பரப்புள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் முதலாவதாக வாங்கியது. பின்னர் மேலும் பல தோட்டங்கள் சங்கத்தின் உடைமையாயின. கூலிக்கு மட்டுமே உரியவராக இருந்த தொழிலாளி, தாம் உழைத்த மண்ணில் பங்குதாரர் ஆனார்.

எனினும், விற்பனைக்கு வந்த தோட்டங்கள் அனைத்தையும் சங்கத்தால் வாங்க இயலவில்லை. துண்டாடலால் வெளியேறிய குடும்பங்கள் பல, நகரங்களின் ஓரங்களில் புறம்போக்கு நிலத்தில் குடிசை போட்டு வாழ நேர்ந்தது. அதனால்தான் சம்பந்தன் இப்பணியை இடையில் விட்டுவிடவில்லை. 1973இல் கட்சித் தலைமையிலிருந்து விலகிய பின்னரும் சங்கத்துக்காகத் தொடர்ந்து உழைத்தார். 1979ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் அவர் மறைந்தார்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் முதன்மைச் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்ந்த பணத்தில் அவர் தொடங்கிய கூட்டுறவுச் சங்கமும் நிலைத்து நிற்கிறது.