கான் சாஹிப் யாருக்குக் கட்டுப்பட வேண்டும்?

தலைமைக்குக் கட்டுப்படுவதைப் பற்றிப் பேசினால் மதீனாவிலிருந்தும் பக்தாதிலிருந்தும்தான் நாம் உதாரணம் சொல்கிறோம். சின்னமனூர்க்காரர்களுக்கு ஓர் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. தேனி வழியாகப் பெரியகுளம் போனால், முஹம்மது யூசுஃப் கானின் கால் அடங்கியிருப்பதாக மக்கள் சொல்லும் இடம் உண்டு. ஒரு மனிதரின் கால் மட்டும் அங்கே எப்படி வந்தது?

இராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவர் அவர். மருதநாயகம் என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். ஆங்கிலக் கம்பெனியின் சிப்பாய்ப் படையில் சேர்ந்தார். திருச்சி முற்றுகையின்போது உணவு வண்டிகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்ததில் பெயர் எடுத்து, சிப்பாய்களுக்கெல்லாம் தளபதியானார். 1759ல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் அவருக்குக் குத்தகைக்கு வந்தன. கப்பம் கட்டாத பாளையக்காரர்களைப் பீரங்கியால் பணியவைத்தார். 1761ல் பூலித்தேவரின் நெற்கட்டும்செவலையும் பிடித்தார். மேலே இருப்பவருக்குக் கட்டுப்படு என்பதுதான் அன்று அவர் அவர்களுக்குச் சொன்ன நியாயம்.

அதே நியாயம் அவர் வாசலுக்கும் வந்தது. நாட்டின் அதிபதி என்று உரிமை கொண்டாடியவர் ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி. குத்தகையை ஒப்படைத்ததோ கம்பெனி. இனி நீர் நவாபின் ஊழியர் என்று கம்பெனி சொன்னபோது கான் சாஹிப் ஏற்கவில்லை. 1763ல் பிரெஞ்சுக் கொடியை ஏற்றிவிட்டார்.

பாவத்தை ஏவும் தலைவருக்குக் கீழ்ப்படிதல் இல்லை. இது நமக்குத் தெரிந்த சட்டம்தான். ஆனால் அவரிடம் கேட்கப்பட்டது பாவமா, வெறும் தாழ்வா? அவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். கம்பெனி தன் பேச்சை மாற்றியது உண்மை. ஆனாலும் தலைவர் அநீதி செய்தால்கூட வாளேந்துவதைவிடப் பொறுமையே மேல் என்று பெரும்பாலான உலமாக்கள் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கலகத்தில் சாகிறவர்களில் அதிகம் பேர் கலகத்தில் பங்கில்லாதவர்கள். மதுரைக் கோட்டை 1764 வரை முற்றுகையில் கிடந்தது. ஜூனில் வந்த பெரிய தாக்குதலை அவர் முறியடித்தார்; கோட்டைக்குள் நுழைந்த பசியை முறியடிக்க முடியவில்லை.

அக்டோபர் 13. அவர் தொழுகையில் இருந்தபோது, அவரிடமே பணிபுரிந்த பிரெஞ்சுத் தளபதி மார்ச்சந்தும் திவான் சீனிவாச ராவும் கூட்டாளிகளோடு பாய்ந்து கட்டிப்போட்டார்கள். நவாபை மீறியவரைப் பிடித்துக்கொடுத்தோம் என்று அவர்கள் சொல்லியிருக்கலாம். அவர் உப்பைத் தின்று, ஸஜ்தாவுக்குக் குனிந்தவரைப் பிடித்ததற்கு எந்தக் கீழ்ப்படிதலும் சாக்காகாது.

15ஆம் தேதி மதுரைக்கு அருகே சம்மட்டிபுரத்தில் தூக்கிலிட்டார்கள். பிறகு உடலைத் துண்டாக்கி ஊர் ஊராக அனுப்பினார்கள் என்பது மக்கள் வாய்வழியாகச் சொல்லிவரும் செய்தி. பெரியகுளத்துக்குக் கால் வந்தது அப்படித்தான். அது உண்மையானால், இறந்தவரின் உடலைச் சிதைக்காதே என்ற மார்க்கக் கட்டளைக்கு அந்த நவாப் கட்டுப்படவில்லை. எஞ்சிய உடல் தூக்கிலிட்ட இடத்திலேயே அடக்கமானது. 1808ல் அதன்மேல் கட்டிய தர்கா இன்றும் சம்மட்டிபுரத்தில் இருக்கிறது.