ஜகனாரா அம்மையார்

முகலாயப் பேரரசர் ஷாஜகான் என்றவுடன் தாஜ்மகாலே நம் நினைவிற்கு வரும். தம் மனைவியிடத்து அவர் கொண்ட அன்பிற்கு அவ்வெண்பளிங்கு மாளிகை சான்றாக நிற்கின்றது. அவரிடத்து அவருடைய மூத்த மகள் கொண்ட அன்பிற்கோ, ஆக்ராக் கோட்டையில் கழிந்த ஏழரை ஆண்டுகள் சான்றாகும். அம்மகளே ஜகனாரா அம்மையார்.

ஜகனாரா 1614-ஆம் ஆண்டில் பிறந்தார். ஷாஜகானுக்கும் மும்தாஜ் மகாலுக்கும் பிறந்த மக்கள் பதினால்வருள் எழுவரே பிள்ளைப் பருவம் கடந்து வாழ்ந்தனர். அவருள் மூத்தவர் இவரே. தாராஷுகோ, ஷூஜா, ஔரங்கசீப், முராது என்போர் இவருக்கு இளையவர். ரோஷனாரா முதலிய தங்கையரும் இருந்தனர். 1631-ஆம் ஆண்டில் புர்கான்பூரில் பதினான்காம் மகவை ஈன்றபொழுது மும்தாஜ் உயிர் நீத்தார். ஷாஜகான் துயரக்கடலில் ஆழ்ந்தார். அவர்தம் தலைமயிர் சின்னாளில் நரைத்துவிட்டது என்பர். அப்பொழுது ஜகனாராவுக்கு வயது பதினேழு. தாயை இழந்த அத்துன்பத்தைத் தம் உள்ளத்தடக்கிக்கொண்டு, தந்தையைத் தேற்றும் பொறுப்பை அவ்விளமங்கை ஏற்றார். அந்தப்புரத்தின் தலைமையும், அரசமுத்திரையைக் காக்கும் உரிமையும் அவரை வந்தடைந்தன. மும்தாஜ் விட்டுச் சென்ற பெருஞ்செல்வத்துள் பாதியை ஷாஜகான் இவருக்கே அளித்தார். எஞ்சிய பாதியே ஏனைய மக்களுக்குப் பங்கிடப்பட்டது.

செல்வம் மிகுந்தும் செருக்கு அவரை அணுகவில்லை. முயீனுத்தீன் சிஷ்தி என்னும் இசுலாமியப் பெரியாரின் வரலாற்றைப் பாரசீக மொழியில் நூலாக இயற்றினார். தில்லியில் ஷாஜகான் புதுநகர் அமைத்த காலத்தில், இன்றும் வணிகம் பெருகி விளங்கும் சாந்தினி சவுக்கு என்னும் கடைத்தெருவை வகுத்தவரும் இவரே.

1644-ஆம் ஆண்டில் ஒரு கொடிய நிகழ்ச்சி நேர்ந்தது. இரவில் ஜகனாரா அரண்மனை வழியில் நடந்து செல்லுங்கால், நறுமணத் தைலம் ஊட்டப்பெற்ற அவருடைய மெல்லாடை விளக்கிற் பட்டுத் தீப்பற்றிக் கொண்டது. உடனிருந்த பணிப்பெண்கள் தம் உயிரையும் பொருட்படுத்தாது தீயை அணைக்க முற்பட்டனர். அவருள் இருவர் பின்னர் இறந்தனர். ஜகனாராவின் உடல் பெரிதும் வெந்து, உயிர் ஊசலாடியது. நாடாளும் மன்னர் அந்நாளில் செவிலித்தாய் ஆனார். அரசவைக்கு வந்தாலும் நெடுநேரம் அமராது மகளின் படுக்கைக்கு விரைவார்; தம் கையாலேயே மருந்தும் உணவும் ஊட்டுவார்; நாள்தோறும் ஏழையர்க்குப் பொருள் வழங்குவார்; சிறைப்பட்டோரை விடுவிப்பார். பல திங்கள் சென்றபின் ஜகனாரா நலம் பெற்றார். ஆக்ராவில் பெருவிழா நடந்தது.

அக்காலத்தில் ஔரங்கசீப் தந்தையின் சினத்திற்கு ஆளாகிப் பதவி இழந்திருந்தார். பிணி நீங்கிய மகள், தம்பியின் பிழை பொறுக்குமாறு தந்தையை வேண்டினார். அவ்வேண்டுகோளை மன்னர் மறுக்கவில்லை. தம்பி இழந்த நிலையைத் திரும்பப் பெற்றார். பின் நிகழ்ந்தவற்றை அறிந்த நமக்கு, இச்செய்தி நெஞ்சை உறுத்துவதாகவே உள்ளது.

1657-ஆம் ஆண்டில் ஷாஜகான் நோய்வாய்ப்பட்டார். மன்னர் இறந்தார் என்னும் பொய்ச்செய்தி எங்கும் பரவ, அரியணைக்காக உடன்பிறந்தார் நால்வரும் போரில் இறங்கினர். 1658-ஆம் ஆண்டில் சாமுகர் என்னுமிடத்தில் ஔரங்கசீப் தாராவை வென்று ஆக்ராவை வளைத்தார். கோட்டை எளிதில் வீழாமையின், யமுனையிலிருந்து அதனுள் நீர் செல்லும் வழியை அடைத்தார். கோடைக் கடுவெயிலில், முப்பதாண்டு அரசாண்ட முதியவர் கிணற்றின் உவர்நீரைப் பருக நேர்ந்தது. மூன்றே நாளில் கோட்டைக் கதவுகள் திறக்கப்பட்டன. ஜகனாரா தாமே தம்பியின் பாசறைக்குச் சென்று, நாட்டை நால்வரும் பகிர்ந்துகொள்ளுமாறு சந்து பேசினார். அம்முயற்சி பயன் தரவில்லை.

ஷாஜகான் கோட்டைக்குள்ளேயே சிறை வைக்கப்பட்டார். ரோஷனாரா வெற்றி பெற்றவர் பக்கம் நின்று தில்லியில் சிறப்பெய்தினார். ஜகனாராவும் அவ்வாறு சென்றிருக்கலாம், தடுப்பார் இலர். அவரோ முதுமையும் சிறையும் ஒருங்கே வருத்திய தந்தையின் அருகிருப்பதையே தேர்ந்துகொண்டார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

சிறை வாழ்வின் துயரங்கள் பல. மன்னர் வெளியார்க்குத் திருமுகம் எழுதுவதும் தடுக்கப்பட்டது. அவர்தம் அணிகலன்களைக் கேட்டு மகனிடமிருந்து ஆள் வந்தவண்ணம் இருந்தது. தொழுகையின்போது உருட்டும் முத்துமாலையையும் கேட்டபொழுது, அதனைத் தருவதினும் உரலில் இட்டு இடித்துவிடுவதே மேல் என்று முதியவர் சினந்தார். 1659-ஆம் ஆண்டில் தாரா கொல்லப்பட்ட செய்தி வந்தது. தந்தைக்கு அவர் தலைமகன். ஜகனாராவுக்கோ உடன்பிறந்தாருள் உயிரனையவர். தம் துயரை அடக்கித் தந்தையின் துயரை ஆற்றும் பழைய பணி மீண்டும் அவரிடமே வந்து சேர்ந்தது. தாயும் தந்தையும் இழந்து கோட்டைக்கு வந்த தாராவின் மகளையும் அவர் தம் மகளாகவே வளர்த்தார்.

கோட்டையின் எண்கோண மாடத்திலிருந்து நோக்கினால், யமுனையின் வளைவுக்கு அப்பால் தாஜ்மகால் தோன்றும். ஷாஜகான் அதனை நோக்கியவாறே காலங்கழித்தார் என்று பலரும் எழுதுவர். அருகிருந்து மருந்தூட்டியும், மறைநூல் ஓதக் கேட்பித்தும் பணிசெய்த மகளை அவர்கள் ஒரு வரியிற் கூறி அமைவர், அது முறையன்று.

தந்தையின் நெஞ்சில் மூண்டிருந்த சினத்தையும் தணிக்க முயன்றார் ஜகனாரா. மகனை மன்னிக்குமாறு அவர் பன்முறை வேண்டியும் ஷாஜகான் இசையவில்லை. இறுதியில் மகளின் சொல்லுக்கு இணங்கி மன்னிப்பு ஓலையிற் கையொப்பமிட்டார். முன்னொருகால் தம்பிக்குப் பதவி பெற்றுத் தந்தவர், இப்பொழுது அவருக்குத் தந்தையின் மன்னிப்பையும் பெற்றுத் தந்தார்.

1666-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நோய் முற்றியது. அந்தப்புர மகளிரைப் பேணுமாறு ஜகனாராவிடம் ஒப்புவித்துவிட்டு, எழுபத்து நான்காம் வயதில் ஷாஜகான் கண் மூடினார். பேரரசர்க்குரிய சிறப்புகளோடு தந்தையின் உடலை எடுத்துச் செல்ல மகள் விரும்பினார், அவ்விருப்பம் நிறைவேறவில்லை. ஒருசிலரே உடன்வர, உடல் ஆற்றின் வழியே தாஜ்மகாலை அடைந்து, மும்தாஜின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

பின்னர் ஔரங்கசீப் ஆக்ராவுக்கு வந்து தமக்கையைக் கண்டார். அவருக்குரிய பழைய தலைமையைத் திரும்ப அளித்துத் தில்லியில் பெருமதிப்புடன் வாழச் செய்தார். தாராவின் மகளை ஔரங்கசீபின் மகன் ஆசம் மணந்தபொழுது, மணமகளின் அன்னையிடத்தில் நின்று அம்மணத்தை நடத்தியவர் ஜகனாராவே. 1681-ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

தில்லியில் நிசாமுத்தீன் பெரியாரின் அடக்கத் தலத்தில் அவருடைய கல்லறை உள்ளது. சுற்றிலும் பளிங்குச் சட்டகம் உண்டு. மேலே கூரை இல்லை. கல்லறையின் மேற்புறம் மண் நிரப்பப்பட்டிருக்கிறது; அதில் புல் வளர்கிறது.